பெங்களூரில் கண்ணுக்கு லேசர்: பட்டியலில் எட்டுப் பெயர், அறைக்குள் இரண்டு மெஷின்

ஜெயநகர், ராஜாஜிநகர், இந்திராநகர், மாரத்தஹள்ளி, எந்தப் பக்கம் போனாலும் கண் ஆஸ்பத்திரி கவுன்சலிங் மேஜையில் ஒரு விலைப்பட்டியலை நீட்டுவார்கள். லேசிக், பிளேடு இல்லாத லேசிக், கான்டூரா, ஸ்மைல், ஸ்மைல் ப்ரோ, சில்க், டிரான்ஸ் பிஆர்கே, சில இடங்களில் ‘ரோபாட்டிக்’ என்று ஒன்று. கீழிருந்து மேலே போகப் போக விலை ஏறும். கண்ணாடியைக் கழற்றத் துடிக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் மேல் வரியில் இருப்பதுதான் உசத்தி என்று எடுத்துக்கொண்டு இஎம்ஐ போட்டு விடுகிறார்கள். அந்தப் பட்டியலைத்தான் இங்கே அலசுகிறோம். எந்த வரிக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம், எந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதுதான் கேள்வி.

கண்ணாடியைக் கழற்ற வைக்கும் அறைக்குள் இருப்பவை இரண்டே வகை லேசர்: எக்ஸைமர், ஃபெம்டோசெகண்ட். பட்டியலில் உள்ள அத்தனை பெயரும் இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ பயன்படுத்தும் முறைகளும், அந்த மெஷின்களைச் செய்யும் கம்பெனிகள் வைத்த பெயர்களும்தான். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எக்ஸைமர்

ஆர்கான் ஃப்ளூரைடு வாயுவிலிருந்து வரும் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் இது. கார்னியாவின் (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலம்) மேல் விழுந்ததும் மேற்பரப்பிலேயே முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும், உள்ளே இறங்காது. ஒவ்வொரு துடிப்பும் சுமார் கால் மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) திசுவை மூலக்கூறுப் பிணைப்பை அறுத்து ஆவியாக்குகிறது. பக்கத்துத் திசு சூடேறிக் கருகுவதில்லை என்பதுதான் இதன் பெருமை. சிகிச்சையின்போது முடி கருகுவது போன்ற வாடை வரும். கண் எரிகிறதோ என்று பயந்து தலையை அசைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது ஆவியான திசுத் துகளின் வாடை மட்டுமே.

இந்தப் பண்பைக் கண்டுபிடித்த மூவரில் முதன்மையானவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1981-இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் எக்ஸைமரைப் பாய்ச்சிப் பார்த்தபோது விளிம்பு கருகாமல் சுத்தமாக வெட்டுப்பட்டது. கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோக்கலோடு சேர்ந்து 1983-இல் அதைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். பெங்களூரில் லேசிக் செய்துகொள்ளும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு.

எக்ஸைமர் எவ்வளவு திசுவை எடுக்கும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. சிகிச்சை வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 3-ஆல் வகுத்து, பவரால் பெருக்கினால் மைக்ரான் வரும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு பவருக்கு 12 மைக்ரான், 6.5 மில்லிமீட்டருக்கு சுமார் 14. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் ஒரு மதிப்பீட்டுக்கு இது போதும். பின்னால் இந்தக் கணக்கு தேவைப்படும்.

மெஷின் எவ்வளவு புதியது என்று கேட்பவர்கள் அறை எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எக்ஸைமருக்கு அறையின் வெப்பமும் ஈரப்பதமும் முக்கியம். காற்றில் ஈரம் கூடினால் கார்னியாவின் நீர்ச்சத்து மாறி, போட்ட கணக்கைவிடக் குறைவாகச் செதுக்கும். நம் ஊர் மழைமாதங்களில் ஈரம் இழுக்கும் கருவி ஓடாத அறை என்றால் யோசிக்க வேண்டும். சுவரில் ஈரப்பதமானி இருக்கும், அதன் அளவைக் குறித்துவைக்கும் பதிவேடும் இருக்க வேண்டும். லேசரின் சக்தி அளவைச் சிகிச்சைகள் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் சோதிக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல இடத்தில் இதைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சென்ட், பாடி ஸ்பிரே, ஹேர் ஆயில், ஷேவிங் லோஷன் எல்லாம் அன்றைக்கு வேண்டாம் என்பதும் இதனால்தான். வாசனைப் பொருளின் ஆவி கதிரையும் மெஷினின் கண்ணாடிப் பாகங்களையும் பாதிக்கும். கண் மை, ஐலைனரை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இமையோரத்தில் மிச்சம் இருந்தால் கண்ணுக்குள் போய்த் தங்கும்.

ஃபெம்டோசெகண்ட்

இது வேறு ஜாதி. சுமார் 1,000 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர் என்பதால் தெளிவான கார்னியாவுக்குள் ஊடுருவிப் போகும். குவியும் புள்ளியில் மட்டும் நுண்ணிய குமிழியை உண்டாக்கும். தபால்தலை ஓரத்தில் துளைகளை வரிசையாகக் குத்தி வைத்தால் இழுத்ததும் பிரியும் அல்லவா, அதுபோல லட்சக்கணக்கான குமிழிகளை ஒரே ஆழத்தில் அடுக்கினால் திசு அந்தத் தளத்தில் பிரியும். கண்ணாடிப் பவரை இது செதுக்கிச் சரிசெய்வதில்லை. வெட்டுகிறது, அவ்வளவுதான்.

லேசிக்கில் கார்னியாவின் மேலடுக்கை மடல்போல வெட்டித் தூக்கி, அடியில் எக்ஸைமரால் செதுக்குவார்கள். அந்த மடலை வெட்டுவது இதன் வேலை. பழைய முறையில் மைக்ரோகெராட்டோம் என்ற பிளேடு வெட்டும். மடலின் தடிமன் எதிர்பார்த்ததிலிருந்து 20, 30 மைக்ரான் மாறிவிடுவதும், நடுவில் மெலிந்து ஓட்டை விழுவதும் அதில் நேரக்கூடியவை. ஃபெம்டோவில் 100 முதல் 120 மைக்ரான் என்று கேட்டால் கிட்டத்தட்ட அந்த அளவே, ஓரம் முதல் நடு வரை ஒரே தடிமனில் வரும். பட்டியலில் சாதாரண லேசிக்கிலிருந்து பிளேடு இல்லாத லேசிக்குக்கு ஏற வேண்டுமா என்றால், ஏறலாம். இந்தப் படிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. அதற்கு மேல் உள்ள படிகள் ஆளுக்கு ஆள் மாறும்.

பரிசோதனைதான் உண்மையான சரக்கு

எங்களைக் கேட்டால், மெஷினின் பெயரை விட்டுவிட்டு, லேசருக்கு முந்தைய இரண்டு மணி நேரப் பரிசோதனையை வைத்துத்தான் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேசிக்கில் பின்னால் வரும் பெரிய கேடுகளில் பெரும்பாலானவை செய்யக்கூடாத கண்ணில் செய்ததால் வருபவை.

முதலில் கான்டாக்ட் லென்ஸ். மென்மையான லென்ஸ் போடுகிறவர் ஒன்று முதல் இரண்டு வாரமும், கெட்டி லென்ஸ் போடுகிறவர் மூன்று நான்கு வாரமும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கார்னியாவின் வடிவம் பொய் சொல்லும். “நேற்று வரைக்கும் போட்டிருந்தேன்” என்று சொன்ன பிறகும் உட்காரவைத்து ஸ்கேன் எடுக்கிற இடம் என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அடுத்தது வரிசை. பென்டாகாம் போன்ற கார்னியா வரைபட ஸ்கேனை கண்ணில் எந்தச் சொட்டும் விடாமல், எந்தக் கருவியும் படாமல், முதலில் எடுக்க வேண்டும். மரப்பு மருந்து விட்டு, அழுத்தம் பார்த்து, அதற்குப் பிறகு எடுத்த வரைபடத்தில் மேற்பரப்பு கலைந்திருக்கும். ஸ்கேனில் தடிமனை மட்டும் பார்த்து “530 இருக்கு, ஓகே” என்று சொல்வது போதாது. கார்னியாவின் பின்பக்கம் மேடாகிறதா, மிக மெல்லிய இடம் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, இரண்டு கண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பென்டாகாமின் ஒரு பக்கத்தில் கடைசி ‘டி’ என்று ஒரு கூட்டு மதிப்பு அச்சாகும். 1.6-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 2.6-ஐத் தாண்டினால் இயல்பு இல்லை, நடுவில் இருந்தால் சந்தேகம். கெரட்டோகோனஸ் என்ற கார்னியா கூம்பும் நோயின் தொடக்கம் கண்ணாடி பவரில் தெரியாது, இங்கேதான் தெரியும். சின்ன வயதிலிருந்தே அலர்ஜியில் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் தானாகவே சொல்ல வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவருக்குக் கார்னியா 520 மைக்ரான், பவர் மைனஸ் 6, மடல் 110 மைக்ரான், சிகிச்சை வட்டம் 6.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸைமர் எடுப்பது சுமார் 85. 520-இலிருந்து 110-ம் 85-ம் போக அடியில் தங்குவது 325. குறைந்தபட்சம் 250 இருக்க வேண்டும் என்பது பழைய விதி, இன்றைக்குக் கவனமான மருத்துவர்கள் 280, 300 கேட்பார்கள். ஆக இவர் தேறினார். அடுத்த விதி, மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 195-ஐ 520-ஆல் வகுத்தால் 37.5 சதவீதம், இதிலும் தேறினார். அதே கண்ணில் பவர் மைனஸ் 8 என்றால்? செதுக்கல் சுமார் 113. அடியில் மிஞ்சுவது 297, முதல் விதிப்படி பரவாயில்லை. ஆனால் சதவீதம் 43-க்கு அருகே போய்விடுகிறது. இந்த இடத்தில் “தடிமன் போதும், செய்யலாம்” என்பவரும், “லேசர் வேண்டாம், உள்ளே ஐசிஎல் லென்ஸ் வைக்கலாம்” என்பவரும் பிரிகிறார்கள். இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். எல்லை மீறிச் செதுக்கிய கார்னியா சில வருடத்தில் முன்னுக்குத் தள்ளிக் கூம்பினால், அதை நிறுத்த கிராஸ்லிங்கிங் என்று இன்னொரு சிகிச்சை, பார்வைக்குக் கெட்டி லென்ஸ் என்று வாழ்நாள் அலைச்சல்.

ஐடி வேலையில் இருக்கும் இளைஞர்களிடம் இன்னொரு சிக்கல். நாள் முழுக்கப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து கண்ணின் குவியத் தசை இறுகியிருக்கும், கண்ணாடியில் மைனஸ் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். அந்தப் பவரை அப்படியே லேசரில் போட்டால் கண் பிளஸ் பக்கம் போய்விடும், லேப்டாப் பார்த்தாலே தலைவலி. அதனால் தசையைத் தளர்த்தும் சொட்டு விட்டு மறுபடி பவர் பார்க்க வேண்டும். அந்தச் சொட்டு விட்டால் கண்மணி விரிந்து அன்றைக்கு லேசர் செய்ய வசதிப்படாது. ‘காலையில் செக்கப், மதியம் லேசர், மாலையில் வீடு’ என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜ்களை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

ஏசி அறையில் பத்து மணி நேரம் திரை பார்ப்பவர்களுக்குக் கண் உலர்வு சாதாரணம். இமைக்குள் ஷிர்மர் தாளை வைத்து ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 5-க்குக் கீழே என்றால் முதலில் உலர்வுக்கு மருத்துவம், பிறகுதான் லேசர். விழித்திரையையும் சொட்டு விட்டு ஓரம் வரை பார்க்க வேண்டும். மைனஸ் பவர் கண்களில் விழித்திரை ஓரம் மெலிந்து ஓட்டை விழுவது உண்டு. அப்படி இருந்தால் முதலில் அதைச் சுற்றி பாரேஜ் லேசர் போட்டு, தழும்பு பிடித்த பிறகுதான் கார்னியாவைத் தொட வேண்டும்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும், ஒரு வருடமாகப் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. எங்கள் யோசனை 21 வரை பொறுக்கலாம் என்பது. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும்.

லேசிக்கா, பிஆர்கேவா, ஸ்மைலா

பிஆர்கேயில் மடல் கிடையாது. மேல்தோல் 50 மைக்ரான் அளவுக்கு நீக்கி, அதன் கீழே எக்ஸைமர். டிரான்ஸ் பிஆர்கே என்றால் தோலையும் லேசரே நீக்கும். மெல்லிய கார்னியாவுக்கும், குத்துச்சண்டை, கபடி என்று முகத்தில் அடிபடும் விளையாட்டுக்காரர்களுக்கும் இதுவே நல்லது, ஏனென்றால் நகர்ந்துபோக மடல் இல்லை. விலையும் பெரும்பாலும் கீழ் வரிசையில்தான் இருக்கும். இதன் விலை உடம்பில் கொடுக்க வேண்டியது: முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் கண்ணீரும் கடுமையாக இருக்கும், பாதுகாப்பு கான்டாக்ட் லென்ஸை நான்கைந்து நாள் கண்ணிலேயே வைத்திருக்க வேண்டும், பார்வை முழுக்கத் தெளிய வாரங்கள் ஆகும். ஆறும்போது மங்கல் தழும்பு வராமல் இருக்க 0.02 சதவீத மைட்டோமைசினைச் சில நொடிகள் வைத்துக் கழுவுவார்கள். பிறகு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு. அந்தச் சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், அதனால் ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். தானாகவே மெடிக்கலில் வாங்கித் தொடர்கிற பழக்கம் இங்கே பெரிய ஆபத்து. வெயிலில் போகும்போது புற ஊதா தடுக்கும் கண்ணாடி கட்டாயம்.

ஸ்மைலிலும் அதே வகையான சில்க்கிலும் எக்ஸைமரே இல்லை. ஃபெம்டோ கார்னியாவின் உள்ளே ஒரு மெல்லிய வில்லையை வெட்டிவைக்கும். மருத்துவர் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக அதைப் பிரித்து உருவி எடுப்பார். மடல் இல்லாததால் மேற்பரப்பு நரம்புகள் அதிகம் அறுபடுவதில்லை, முதல் மாதங்களில் உலர்வு குறைவு. இது உண்மையான நன்மை. ஆனால் கவுன்சலிங் மேஜையில் சொல்லாத இரண்டு விஷயம். ஒன்று, வில்லையைப் பிடித்து எடுக்க வசதியாக அடியில் 10, 15 மைக்ரான் கூடுதலாக வெட்டுவதால் ஒரே பவருக்கு லேசிக்கைவிடச் சற்று அதிகத் திசு போகும். இரண்டு, பவர் மிஞ்சினால் மறுபடி அதே முறையில் செய்ய முடியாது, மேற்பரப்பில் பிஆர்கே செய்வார்கள் அல்லது வில்லை இருந்த இடத்துக்கு மேலே உள்ள அடுக்கான மூடியை மடலாக மாற்றி எக்ஸைமர் செய்வார்கள். ஆகவே எக்ஸைமர் இல்லாமல் ஸ்மைல் மட்டும் செய்யும் இடத்தில் “பவர் மிஞ்சினால் எங்கே அனுப்புவீர்கள், யார் கட்டணம்?” என்று முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

ஸ்மைலில் தவறு நேரும் இடம் உறிஞ்சுபிடி. கண்ணைக் கருவி வெற்றிடத்தால் பிடித்திருக்கும் நொடிகளில் நோயாளி கண்ணைத் திருப்பினாலோ இறுக்கி மூடினாலோ பிடி விட்டுப்போகும். எந்தக் கட்டத்தில் விட்டது என்பதைப் பொறுத்து உடனே தொடரலாம் அல்லது வேறு முறைக்கு மாற வேண்டும். ஸ்மைல் செய்யும் பழைய விசுமேக்ஸ் மெஷினில் வெட்டு அரை நிமிடத்தை ஒட்டி ஓடும், ஸ்மைல் ப்ரோ என்று விற்கும் விசுமேக்ஸ் 800-இல் 10 நொடிக்குள் முடியும். பதற்றக்காரர்களுக்கு இந்த வேகம் உதவும், கண் சுழற்சியையும் நடுப்புள்ளியையும் சரிசெய்யும் வசதியும் அதில் உண்டு. சாய்வுப் பவர் (சிலிண்டர்) அதிகம் உள்ளவர் இதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ‘ரோபாட்டிக்’ என்ற சொல்லுக்கு மட்டும் கொடுக்காதீர்கள், வில்லையைப் பிரித்து எடுப்பது மருத்துவரின் கைதான். அந்தக் கை இதுவரை எத்தனை ஸ்மைல் செய்திருக்கிறது என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

கான்டூரா என்பது கார்னியாவின் மேடு பள்ளத்தைப் படமெடுத்து அதன்படி எக்ஸைமரை ஓட்டும் லேசிக். வடிவம் ஒழுங்கற்ற கார்னியாவுக்கும், முன்பு செய்த லேசர் நடுவிலிருந்து விலகிப்போனவர்களுக்கும் நல்ல ஆயுதம். சீரான கார்னியா உள்ளவருக்கு இதனால் வரும் லாபம் சிறியது.

லேசிக்கில் கவனிக்க வேண்டியது மடல்தான். முதல் நாள் கண்ணைக் கசக்கினால் மடல் சுருங்கும் அல்லது நகரும். மடலுக்கு அடியில் மணல் போல அழற்சி செல்கள் சேரும் டிஎல்கே முதல் மூன்று நான்கு நாளில்தான் முற்றும். முதல் கட்டத்தில் ஸ்டீராய்டு சொட்டைக் கூட்டினால் அடங்கும், முற்றினால் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டும். வலியே இல்லாமல்கூட வரலாம், விளக்கு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். இதனால் மறுநாள் செக்கப்பைத் தவறவிடவே கூடாது. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூரிலிருந்து வந்து செய்துகொள்கிறவர்கள் அன்றிரவு அல்சூர், சிவாஜிநகர் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது. வெளிவட்டச் சாலைப் புழுதியில் ஆட்டோவைவிட ஜன்னல் மூடிய கார். ஒரு வாரம் இரவில் ஷீல்டு, தலைக்குக் குளிப்பதில் கவனம், ஒரு மாதம் நீச்சல் வேண்டாம்.

நாற்பதை நெருங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தூரப் பார்வை முழுக்கச் சரியானால், இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிற வசதி போய்விடும், படிக்கும் கண்ணாடி வரும்.

மற்ற அறைகளில் இருக்கும் லேசர்கள்

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் சந்திப்பது வேறு மெஷின்களை. விலைப்பட்டியலில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் இவைதான் பார்வையைக் காப்பாற்றுவதில் அதிக வேலை செய்கின்றன.

யாக் லேசர், 1064 நானோமீட்டர். புரை ஆபரேஷன் செய்து மாதங்கள், வருடங்கள் கழித்து லென்ஸின் பின்னால் உள்ள உறை மங்கலாகும். “மறுபடி புரை வந்துடுச்சு” என்பார்கள், அது புரை இல்லை. கண்மணியை விரித்து, விளக்குக் கருவி முன் உட்காரவைத்து, ஒரு துடிப்புக்கு 1 முதல் 2 மில்லிஜூல் சக்தியில் அந்த உறையின் நடுவில் 3, 4 மில்லிமீட்டர் ஜன்னல் திறப்பார்கள். ஐந்து பத்து நிமிட வேலை, கத்தி இல்லை, கட்டு இல்லை. குவியப் புள்ளியை உறைக்குச் சற்றுப் பின்னால் வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் லென்ஸில் குழி விழும், கைப்பழக்கம் தேவைப்படுவது அங்கேதான். முடிந்த ஒரு மணி நேரம் கழித்துக் கண் அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்புகிற இடம் நல்ல இடம். சில நாள் பூச்சி பறப்பது போலத் தெரியும். மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றே ஓட வேண்டும், விழித்திரை விலகலாக இருக்கலாம். தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்டிஃபோகல் லென்ஸ் வைத்து ஆரம்பம் முதலே திருப்தி இல்லாதவருக்கு அவசரப்பட்டு யாக் போடக்கூடாது, ஜன்னல் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது கடினம்.

கோண அடைப்புக் கண் அழுத்த நோய்க்கு ஐரிஸில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலம்) சிறு துளை போடுவதும் யாக்தான். நம்மவர்களின் ஐரிஸ் கெட்டியான பழுப்பு என்பதால் முதலில் பச்சை லேசரால் மெலிதாக்கி, பிறகு யாக்கால் துளைக்கிற இரண்டு கட்ட முறை நல்லது, ரத்தக்கசிவும் குறையும்.

பச்சை லேசர், 532 நானோமீட்டர், விழித்திரைக்கு. இது சூட்டால் வேலை செய்வது. சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும்போது ஓரப்பகுதி முழுக்க புள்ளிகள் வைப்பார்கள். பழைய அளவுகோலில் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளி, இரண்டு மூன்று அமர்வுகளில். பிராணவாயு கேட்டுத் தவிக்கும் ஓரத்தைக் குறைத்து நடுப்பார்வையைக் காப்பாற்றுவது இதன் தத்துவம். “லேசர் போட்டும் அப்பாவுக்குப் பார்வை கூடலையே” என்று குறைபட்டு அடுத்த அமர்வுக்கு வராமல் நிறுத்துவதுதான் இங்கே நேரும் பெரிய விபத்து. இது பார்வையைக் கூட்டுவதற்கு இல்லை, போகாமல் தடுப்பதற்கு. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் சற்றுக் குறையும், அதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் தன் கடமையில் பாதியை விட்டவர். நடு விழித்திரையில் வீக்கம் இருந்தால் முதலில் ஊசி போட்டுவிட்டு லேசர் செய்வது வழக்கம்.

பணம் இல்லை என்று இந்த இரண்டையும் தள்ளிப்போடத் தேவையில்லை. நகரின் மையத்தில் உள்ள அரசு மின்டோ கண் ஆஸ்பத்திரி பெங்களூர் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டால் செலவு மிகக் குறைவு. குண்டலஹள்ளி பக்கம் உள்ள சங்கரா கோயம்புத்தூரில் தொடங்கிய அறக்கட்டளை ஆஸ்பத்திரி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து, தேவைப்பட்டால் லேசர் செய்து பார்வையைக் காக்கும் கிட்ராப் திட்டத்தை நாராயண நேத்ராலயா 2008-இல் தொடங்கி கர்நாடகத்தின் உள்மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது, இந்த ஊர் நியாயமாகப் பெருமைப்பட வேண்டிய வேலை.

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு எஸ்எல்டி என்ற லேசர். அதே 532 நானோமீட்டர், ஆனால் 3 நானோசெகண்ட் துடிப்பு, சூட்டுத் தழும்பு இல்லாமல் கண்ணுக்குள் ஊறும் நீரை வெளியேற்றும் வடிகால் வலையை மட்டும் தூண்டும். 2019-இல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் எஸ்எல்டியில் தொடங்கியவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானோர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே சமாளித்தார்கள். தினமும் சொட்டு விட மறந்துபோகிற தாத்தா பாட்டிகளுக்கு இதை மருத்துவரிடம் நாமே கேட்கலாம். பலன் தேய்ந்தால் மறுபடி செய்யலாம்.

புரைக்கு ‘லேசர் ஆபரேஷன்’ என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் அல்ட்ராசவுண்டால் செய்யும் ஃபேகோ. அதில் லேசர் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபெம்டோ லேசரில் புரையை வெட்டும் முறை தனியாக இருக்கிறது, உறையில் வட்டமான திறப்பையும் கீறலையும் அது போட்டுக் கொடுக்கும், பிறகு அதே அல்ட்ராசவுண்டுதான். 2020-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் சாதாரண ஃபேகோவைவிடப் பார்வையில் மேலான பலன் கிடைக்கவில்லை. அந்தக் கூடுதல் தொகையை நல்ல லென்ஸுக்குப் போடுங்கள்.

பில்லும் ஃபைலும்

காப்பீடு: 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் செலவு பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மேல் பவர் இருப்பவர்கள் பழைய கண்ணாடிச் சீட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் வைத்து முன் அனுமதி கேட்கலாம். ஃபெம்டோ விலை ஏறுவதற்கு ஒரு காரணம், கண்ணில் படும் பாகம் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது. அந்த உறை உங்கள் முன்னால் பிரிக்கப்படுகிறதா என்று பார்க்கலாம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்து புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஊழியரைக் கூப்பிடச் சொல்லுங்கள், இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் தேடினால் ஒருவராவது இருப்பார். படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

டிஸ்சார்ஜ் அன்று கண்ணாடிக்கடைக் கூப்பனோடு திரும்பாமல், லேசருக்கு முந்தைய பென்டாகாம் அச்சு, கார்னியா வளைவின் அளவுகள், பழைய பவர், எடுத்த திசுவின் ஆழம், மடல் அல்லது மூடியின் தடிமன் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருபது முப்பது வருடம் கழித்துப் புரை வரும்போது, செதுக்கிய கார்னியாவை வழக்கமான சூத்திரத்தில் அளந்தால் லென்ஸ் பவர் தப்பாகி, கண் பிளஸ் பக்கம் போய்விடும். அப்போது மருத்துவர் முதலில் கேட்பது இந்த எண்களைத்தான். செல்போனில் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் அச்சுப்பிரதியும் இருக்கட்டும்.